ஆல்ப்ஸில் எந்தச் சிகரம்? சேர்வராயனில் ஓர் ஒத்திகை

முதல் நாள், சேலம்

பொங்கலுக்கு வந்த தம்பி மியூனிக்குக்குத் திரும்பும் முன் ஒரு விஷயத்தை முடிவு செய்தாக வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் நான், இந்த வருஷம் கல்லூரி முடிக்கும் என் மகள், சேலம் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாய்மாமா மூவரும் அவனிடம் போகிறோம். கையில் இரண்டு வாரம். அரண்மனை, அருங்காட்சியகம் எதுவும் வேண்டாம், ஆல்ப்ஸ் மலையில் நடந்துவிட்டு வருவோம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்தெந்தச் சிகரம் என்பதில்தான் வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது. அங்கே மலைக்குடில்களில் படுக்கைக்குக் குளிர்காலத்திலேயே பதிவு செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். ஆகஸ்ட் சனி, ஞாயிறு என்றால் சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால்தான் ஜனவரியிலேயே இந்தப் பஞ்சாயத்து.

தம்பியின் பட்டியல் இது: சுவிட்சர்லாந்தில் பிரைட்ஹார்ன், 4164 மீட்டர். இத்தாலியில் கிரான் பாரடிசோ, 4061. ஜெர்மனியில் சுக்ஸ்பிட்சே, 2962, அந்த நாட்டிலேயே உயரமானது. ஆல்ப்ஸில் 4000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் 82 என்று சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பு 1994-இல் ஒரு பட்டியல் போட்டது. "அந்த 82-ல ஒண்ணாவது ஏறிட்டேன்னு சொல்லணும் அக்கா" என்கிறான்.

உயரத்தை மட்டும் பார்த்து எடுத்த பட்டியல் என்பதுதான் என் குறை. பிரைட்ஹார்ன் 4164 மீட்டர்தான். ஆனால் ஜெர்மாட் ஊரிலிருந்து கேபிள் கார் 3883 மீட்டர் வரை தூக்கிக்கொண்டு போய் விட்டுவிடுகிறது. மிச்சம் ஏற வேண்டியது 300 மீட்டர்கூட இல்லை. இன்னொன்றைப் பாருங்கள்: அதே சுவிட்சர்லாந்தில் செண்டிஸ் என்று ஒரு மலை, 2502 மீட்டர்தான். ஆனால் அடியிலிருக்கும் ஷ்வேகால்ப் 1352 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து நடந்தால் 1150 மீட்டர் ஏற்றம். காலைக் கேட்டால் செண்டிஸ்தான் பெரிய மலை என்று சொல்லும். நுரையீரலைக் கேட்டால் பிரைட்ஹார்ன் என்று சொல்லும். இரண்டையும் கேட்காமல் பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் எப்படி?

மாமா கேட்டார்: "கேபிள் கார் ஏத்திவிட்ட உசரம் யார் கணக்குல சேரும்?"

சரி, பேசிக்கொண்டே இருப்பதைவிட ஏறிப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. மொட்டை மாடியில் நின்றால் சேலத்தைச் சுற்றி மலைதான். தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடக்கே நகரமலை, அதற்குப் பின்னால் நீளமாகச் சேர்வராயன். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு 1500 மீட்டரைத் தாண்டியது. இடையில் 1200 மீட்டர் வித்தியாசம். ஆல்ப்ஸில் ஒரு முழுநாள் ஏற்றம் என்று சொல்வதும் ஏறக்குறைய இவ்வளவுதான். வாசலிலேயே இருக்கும் மலையை விட்டுவிட்டு ஜிம்முக்குப் பணம் கட்டுகிறோம்.

சாயங்காலம் செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட். நாளை விடியற்காலை கிளம்ப வேண்டும், காரச் சட்னி அளவோடு போதும் என்றேன். யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள், அடிவாரத்திலிருந்து மேலே

ஏற்காட்டுக்குப் பேருந்தில் போனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாக இன்னொரு சாலையும் உண்டு. நாங்கள் இரண்டையும் விட்டுவிட்டு, மலையடிவாரக் கிராமத்தார் தலைமுறைகளாக ஏறி இறங்கிய காட்டுத்தடத்தில் போனோம்.

இதில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டுக்குள் நினைத்தபடி நுழையக் கூடாது, வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு கெடுபிடி கூடியது. 2024 அக்டோபரில்தான் மாநிலம் முழுக்க 40 தடங்களை வழிகாட்டியோடு, முன்பதிவு முறையில் திறந்தார்கள். தீக்காலம் தொடங்கிவிட்டால் மறுபடி மூடிவிடுவார்கள். ஆகவே ஏற நினைப்பவர்கள் மாசி, பங்குனியை நம்ப வேண்டாம்.

எங்களோடு வந்தவர் வாழவந்திப் பக்கத்துப் பெரியவர். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மூவரில் மூத்தவர் சேர்வராயனில் தங்கினார், மற்ற இருவரும் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பெரியவரிடம் கைக்கடிகாரம் கிடையாது. எவ்வளவு தூரம் என்று கேட்டால், "ரெண்டு வெத்தலை போடுற தூரம் கண்ணு" என்றார். அவர் வெற்றிலை மெல்லும் வேகம் தெரியாததால் அந்தக் கணக்கு எங்களுக்கு உதவவில்லை.

தம்பி வேறு கணக்கு வைத்திருந்தான். ஜெர்மன் மலையேற்றக்காரர்கள் போடும் கணக்கு அது. ஒரு மணி நேரத்தில் 300 மீட்டர் ஏறலாம், 500 மீட்டர் இறங்கலாம், கிடைமட்டமாக 4 கிலோமீட்டர் நடக்கலாம். உயரத்துக்கு எவ்வளவு நேரம், தூரத்துக்கு எவ்வளவு நேரம் என்று தனித்தனியாகப் போட வேண்டும். அப்புறம் பெரியதை முழுசாகவும் சின்னதில் பாதியையும் கூட்ட வேண்டும். இன்றைய தடத்தில் ஏற்றம் 1000 மீட்டருக்குப் பக்கம், தூரம் 8 கிலோமீட்டர். ஏற்றத்துக்கு 3 மணி 20 நிமிடம், தூரத்துக்கு 2 மணியில் பாதி 1 மணி. ஆக 4 மணி 20 நிமிடம்.

அடிவாரத்தில் முள்ளும் புதருமாக வறண்ட காடு. மூங்கில் வந்தது, பிறகு பாறை. தடம் சில இடங்களில் கால் வைக்கும் அகலம்தான். உச்சி வெயில் ஏறுவதற்குள் பாதியைத் தாண்டிவிட வேண்டும் என்று பெரியவர் முன்னால் போய்க்கொண்டே இருந்தார், அவசரமே இல்லாமல். அந்த நடையைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். என் மகளும் தம்பியும் ஓடி ஓடி முன்னே போய், மூச்சு வாங்க உட்கார்ந்து, நாங்கள் வந்ததும் மறுபடி ஓடினார்கள். பெரியவர் ஒரு இடத்திலும் உட்காரவில்லை. கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில்தான் மேலே சேர்ந்தோம்.

ஓரிடத்தில் கையை நீட்டி எங்களை நிறுத்தினார். முப்பது அடி தள்ளிக் காட்டெருமை ஒன்று தடத்தைக் கடந்தது. அது போன பிறகும் கொஞ்ச நேரம் நிற்க வைத்தார். பின்னால் கன்றோ கூட்டமோ வரும் என்றார். வரவில்லை. ஆனாலும் நின்றதே சரி.

பாறை கறுத்து, உடைந்த இடத்தில் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் எண்ணெய் பூசியதுபோல் மின்னுகிறது. சார்னோகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் இந்த வகை என்பதால் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் வைத்த பெயர். அந்தக் கல் போனது நம் பல்லாவரம் பக்கத்திலிருந்து. இங்கே காலடியில் கிடப்பதற்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. ஆல்ப்ஸ் மலை எழும்பியதெல்லாம் சில கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். சேர்வராயன் தேய வேண்டியதெல்லாம் தேய்ந்து உட்கார்ந்துவிட்டது. ஆல்ப்ஸ் இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கிறது. 2017 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பிட்ஸ் செங்கலோ மலையில் ஒரு பக்கமே சரிந்து, கீழே நடந்துகொண்டிருந்த எட்டுப் பேர் போய்விட்டார்கள். 2022 ஜூலையில் இத்தாலியின் மர்மோலாடாவில் பனிப்பாறை உடைந்து 11 பேர். பாறை இடுக்குகளில் ஆண்டு முழுக்க உறைந்து கிடந்த பனி இப்போது உருகுவதால், பிடிமானம் விட்டுக் கற்கள் விழுவது கூடியிருக்கிறது. சிகரம் தேர்ந்தெடுக்கும்போது உயரத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது பாதைக்கு மேலே என்ன தொங்குகிறது என்பதைத்தான். இதை மதிய சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். எலுமிச்சைச் சோறு சாப்பிடும்போது பேசுகிற பேச்சா இது என்று மகள் கேட்டாள்.

மேலே சில்வர் ஓக் மரங்களும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் தெரிந்ததும் காப்பித் தோட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம். பழம் பறிப்பு நடக்கிறது. களத்தில் சிவப்பும் கறுப்புமாகக் காய்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார்.

உட்கார்ந்த நேரத்தைக் கழித்தால் நாங்கள் எடுத்தது ஐந்தேகால் மணி நேரம். கணக்கு சொன்னதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். இந்த ஒரு எண்ணுக்காகவே இன்று ஏறியது வீண் போகவில்லை. சுவிட்சர்லாந்தில் வழிகாட்டும் மஞ்சள் பலகைகளில் தூரம் போட மாட்டார்கள், நேரம்தான் போடுவார்கள். அதுவும் ஓய்வைச் சேர்க்காமல். பலகை 4 மணி என்றால் எங்களுக்கு 5 மணி, சாப்பாடு, போட்டோ எல்லாம் சேர்த்து 6 மணி.

மூன்றாம் நாள், கிளியூர்

மாமாவின் முழங்கால் வீங்கவில்லை, ஆனால் விறைத்திருக்கிறது. நேற்று ஏறும்போது ஒரு வார்த்தை சொல்லாத மனுஷர், இன்று கிளியூர் அருவிக்கு இறங்கும்போது பேச்சை நிறுத்திவிட்டார். ஏரியிலிருந்து வழியும் தண்ணீர்தான் அங்கே சுமார் 300 அடி விழுகிறது. தை மாதத்தில் மெலிந்துதான் இருந்தது. பாதை செங்குத்து, படிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஏறும்போது வேலை செய்வது நெஞ்சு. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும், அதிர்ச்சி முழுக்க முட்டிக்குப் போகிறது. ஊன்றுகோல் இரண்டு இருந்தால் பாரம் கொஞ்சம் கைக்கு மாறும். மாமா "கோல் பிடிச்சா கிழவன்னு ஒத்துக்கிட்ட மாதிரி" என்று தொடமாட்டேன் என்றார். திரும்பி ஏறும்போது தானாகவே வாங்கிக்கொண்டார்.

இந்த இறக்கம்தான் எங்கள் பட்டியலை மாற்றியது. இரவு ஏற்காட்டில் எடுத்திருக்கும் அறையில் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தோம்.

முதலில் வெட்டுப்பட்டது சுக்ஸ்பிட்சே. தம்பி சொன்ன ஹோலெண்டால் வழி இரும்புக் கயிறு, கம்பிப் படி, இடையில் பனிப்பாறை என்று போகிறது. ரைண்டால் வழி சுலபம்தான், ஆனால் 20 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 2200 மீட்டர் ஏற்றம். நேற்று ஏறியதைப் போல இரண்டு மடங்கு. இறங்க கேபிள் கார் உண்டு, ஏறுவதே பெரும்பாடு. அது போயிற்று.

அடுத்தது கிரான் பாரடிசோ. இத்தாலிக்குள் முழுக்க இருக்கும் 4000 மீட்டர் சிகரம் அது ஒன்றுதான். ஆல்ப்ஸின் பெரிய சிகரங்களில் எளியது என்று நற்பெயர் வேறு. ஆனால் விட்டோரியோ இமானுவேலே குடிலிலிருந்து 1300 மீட்டருக்கு மேல் ஏறி, அதே நாளில் அவ்வளவும் இறங்க வேண்டும். பாதி வழி பனிப்பாறையில். மாமா வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏறிடுவேன். அப்புறம் யாராவது தூக்கிட்டு வரணும்" என்றார்.

தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. மேட்டர்ஹார்ன் கதையைச் சொன்னேன். 1865 ஜூலை 14 அன்று ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்பரையும் சேர்த்து ஏழு பேர் அந்த உச்சியை முதன்முதலாகத் தொட்டார்கள். தொட்டதில் ஒரு சிக்கலும் இல்லை. இறங்கும்போது ஒருவர் வழுக்கி, கயிறு அறுந்து, நால்வர் போய்விட்டார்கள். "நாம என்ன மேட்டர்ஹார்னா ஏறப்போறோம்?" என்றான். ஏறப்போவதில்லைதான். ஆனால் இறக்கத்தைத் தனியாக ஒரு மலையாக எண்ணிப் பட்டியல் போட வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

அப்படி எண்ணினால் செண்டிஸ் மேலே வந்துவிடுகிறது. ஷ்வேகால்பிலிருந்து நடந்து ஏறுவோம், உச்சியிலிருந்து கேபிள் காரில் இறங்குவோம். மாமாவின் நெஞ்சுக்கு வேலை, முட்டிக்கு விடுமுறை. மியூனிக்கிலிருந்து போகும் வழியில் வேறு இருக்கிறது.

நான்காம் நாள், சேர்வராயன் கோயில்

ஏரியிலிருந்து மஞ்சக்குட்டை வழியாக நடந்தே போனோம். சாலை உச்சி வரை போகிறது, கார்கள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போயின. கண்ணாடியை இறக்கி "லிஃப்ட் வேணுமா?" என்று கேட்டவர்கள் பலர்.

உச்சி என்று சொன்னாலும் கூர்முனை கிடையாது. விரிந்த புல்வெளி, காற்று. இந்த மலையின் தலைமாட்டில் பாக்சைட் படிந்து கிடந்தது. பல ஆண்டுகள் அதை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள். 1600 மீட்டரைத் தாண்டிய இடம், மாவட்டத்தின் உயரமான பகுதி. கோயில் ஒரு குகைதான். குனிந்துதான் போக வேண்டும், உள்ளே இருட்டு, ஈரம். சேர்வராயனும் காவேரி அம்மனும். மலைக்கு ஒரு சாமி, ஆற்றுக்கு ஒரு சாமி, பக்கத்தில் பக்கத்தில். வைகாசியில் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் எல்லாம் இங்கே கூடும்.

கார் வரும் உச்சிக்கு நடந்து வந்தால் அது ஏறியதில் சேருமா என்று மகள் கேட்டாள். ஆல்ப்ஸில் இந்தக் கேள்விக்கு 150 வயசு ஆகிவிட்டது. ரிகி மலைக்கு 1871-இலேயே பல்சக்கர ரயில் விட்டார்கள், ஐரோப்பாவின் முதல் மலை ரயில். பிலாட்டஸுக்கு 1889-இல். 1912-இல் யுங்ஃப்ராவ் கணவாய்க்கு, 3454 மீட்டருக்கு, மலையைக் குடைந்து ரயில். அங்கே முதியவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் உச்சியில் நின்று காப்பி குடிக்கிறார்கள், பக்கத்திலேயே கயிறும் கோடாரியுமாக ஒருவர் பாறையிலிருந்து எழுந்து வருகிறார். இருவருக்கும் ஒரே மேசை. எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. சேர்வராயனுக்கும் யார் நடந்து வந்தார், யார் காரில் வந்தார் என்ற பாகுபாடு இருப்பதாகத் தெரியவில்லை.

புல்வெளியில் உட்கார்ந்து கொய்யாப்பழம் வெட்டித் தின்றபடி பாதையின் தரத்தைப் பற்றிப் பேசினோம். 1863-இல் தொடங்கிய சுவிஸ் ஆல்பைன் கிளப் நடைபாதைகளை டி-1 முதல் டி-6 வரை பிரித்திருக்கிறது. டி-1 என்றால் மஞ்சள் குறி, செருப்போடுகூடப் போகலாம். இன்று நாங்கள் வந்த வழி அதுதான். டி-2, டி-3 வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் குறி. கரடுமுரடு, சில இடத்தில் கை ஊன்ற வேண்டும், விழுந்தால் அடிபடும். முந்தாநாள் காட்டுத்தடத்தை டி-2 என்றான் தம்பி, பாறை வந்த இடத்தில் டி-3 என்றேன் நான். டி-4-க்கு மேல் வெள்ளை-நீலம்-வெள்ளை. தடம் இல்லாமலும் போகலாம், கையைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். இதற்கெல்லாம் அப்பால் கயிறு கட்டி ஏறும் வழிகளுக்கு வேறு தரவரிசை. எங்கள் நால்வருக்கும் வரம்பு டி-3 என்று கோடு போட்டோம். மகளுக்குத் திருப்தியில்லை. சேர்ந்து போகும் இடங்களுக்குத்தான் அந்தக் கோடு, பிறகு அவளும் தம்பியும் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும் என்றேன்.

சேர்வராயன் சொல்லித்தர முடியாத ஒன்று உயரத்தின் காற்று. இங்கே 1600 மீட்டரில் மூச்சுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. 3600 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று வரும். உடம்பு எவ்வளவு திடமானது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மாமாவுக்கு வராமல் மகளுக்கு வரலாம். 3000 மீட்டருக்கு மேல் போனால், இரவு படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் வழி. அறிகுறி தெரிந்தால் மேலே ஏறக் கூடாது, மோசமானால் உடனே இறங்க வேண்டும். ஆகவே சிகரங்களைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, அவற்றைச் சரியான வரிசையிலும் வைக்க வேண்டும். ஜெர்மாட்டில் இறங்கி மறுநாளே கேபிள் காரில் 3883-க்குப் போவது என்ற தம்பியின் திட்டம் இங்கேதான் விழுந்தது.

ஐந்தாம் நாள், பகோடா பாயிண்ட்

காலையில் பகோடா பாயிண்ட். கல் அடுக்கிய கோபுரங்கள், ராமர் கோயில், கீழே கக்கம்பாடி. பனி மூட்டம் ஒன்பது மணி வரை விலகவில்லை. மிளகாய் பஜ்ஜி மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

மூட்டத்தில் உட்கார்ந்தே வரிசையை எழுதி முடித்தோம். முதலில் செண்டிஸ், ஏறி, கேபிள் காரில் இறங்கி, கீழே தூக்கம். அடுத்து கிரிண்டல்வால்டில் ஃபவுல்ஹார்ன், 2681 மீட்டர். ஃபர்ஸ்ட் நிலையம் வரை கேபிள் கார், அங்கிருந்து பாக்கால்ப் ஏரி வழியாக ஏற்றம் 500 மீட்டர் சொச்சம்தான். உச்சியில் 1830-களிலிருந்து ஒரு விடுதி நடக்கிறது. அங்கே ஓர் இரவு தங்கினால் உடம்பு உயரத்துக்குப் பழகும்.

மூன்றாவதுதான் இந்தப் பயணத்தின் பெரிய மலை: பார்ஹார்ன், 3610 மீட்டர். பனிப்பாறையில் கால் வைக்காமல் நடந்தே ஏறக்கூடிய ஆல்ப்ஸ் சிகரங்களில் மிக உயரமானது என்று சொல்வார்கள். கஸ்ஸி என்ற இடுக்கில் கொஞ்ச தூரம் பிடித்து ஏற வேண்டும், மற்றதெல்லாம் சரளை மேட்டில் நடைதான். இதை நான் கொண்டுவந்தபோது தம்பி பெயரே கேள்விப்பட்டதில்லை என்றான். அவன் போட்டோ ஆல்பத்துக்கு இது போதாது, எனக்குப் போதும். ஏறத் தொடங்கும் துர்ட்மான் குடில் 2519 மீட்டரில் இருக்கிறது. 3610-இலிருந்து கழித்தால் 1091. அடிவாரத்திலிருந்து காப்பித் தோட்டம் வரை நாங்கள் ஏறிய ஏற்றத்துக்குக் கொஞ்சம்தான் கூட. குடிலிலிருந்து உச்சிக்கு 4 மணி நேரம் என்றால் எங்களுக்கு 5, காற்று மெலிந்திருப்பதால் ஆறு என்றே வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்டில் அங்கே மத்தியானத்துக்கு மேல் இடி மழை வரும், இங்கே சித்திரையில் வருவதுபோல. அதனால் ஐந்து மணிக்கு நெற்றி விளக்கோடு கிளம்பி, 11 மணிக்கு எங்கே இருக்கிறோமோ அங்கிருந்து திரும்பிவிடுவது. உச்சிக்கு இன்னும் 50 மீட்டர் என்றாலும்.

மாமாவின் முட்டிக்கு வழி கண்டுபிடித்தது மகள். ஏறிய அன்றே பள்ளத்தாக்கு வரை இறங்காமல், குடிலிலேயே இன்னோர் இரவு தங்கினால் இறக்கம் இரண்டு நாளாகப் பிரிந்துவிடும். எல்லோருக்கும் சட்டென்று வேலை சுலபமாகிவிட்டது. கூடுதலாக ஓர் இரவின் செலவு, அவ்வளவுதான்.

கடைசியில் ஜெர்மாட். இதற்குள் 2681-இலும் 2519-இலும் படுத்து, 3610 வரை போய் வந்திருப்போம் என்பதால் பிரைட்ஹார்னுக்குத் தம்பி போகலாம், மகளும் போகலாம். நிபந்தனை ஒன்று: உரிமம் பெற்ற வழிகாட்டி, கயிறு, காலில் இரும்பு முள். தட்டையான பனிவெளியாகத் தெரிந்தாலும் அடியில் பிளவுகள் இருக்கும் இடம் அது. அன்று நானும் மாமாவும் ஓபர்ரோட்ஹார்ன், 3414 மீட்டர், நடைபாதைதான். அங்கிருந்து மேட்டர்ஹார்ன் எதிரில் தெரியும். மாமா பார்க்க விரும்பும் ஒரே மலை அது, ஏற அல்ல.

வானிலை கெட்டால்? மழைக்கு என்று இரண்டு நாள் சும்மா விட்டிருக்கிறோம். கூடவே ஒவ்வொரு மலைக்கும் பக்கத்தில் தாழ்வான ஒரு நடையைக் குறித்து வைத்திருக்கிறோம். அவசர உதவிக்கு 112 இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான். சுவிட்சர்லாந்தில் மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414. சிக்னல் இல்லாவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசிலோ விளக்கோ, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. மகள் அங்கேயே வாயில் விரலை வைத்து ஆறு முறை அடித்துக் காட்டினாள். பஜ்ஜி கடைக்காரர், "இன்னொரு பிளேட்டாங்க?" என்று எட்டிப் பார்த்தார்.

துர்ட்மான் குடிலுக்கு நான்கு படுக்கை, இரண்டு இரவு என்று தம்பி மின்னஞ்சல் போட்டுவிட்டான். ஏற்காட்டிலிருந்து இறங்கும் பேருந்தில், வளைவுகளுக்கு நடுவே, விசா விண்ணப்பத்துக்கு மாமாவின் ஓய்வூதியச் சான்று எங்கே இருக்கிறது என்ற விசாரணை நடந்துகொண்டிருந்தது. பீரோவில் இல்லையாம். பதில் வந்ததும் அடுத்த பதிவில் எழுதுகிறேன்.